உன் அப்பா காட்டிய வழி

சரவணா,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், பிரிக்காமல் வைத்துவிட்டுப் போ. சாயங்காலம் அறைக்குத் திரும்பி, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் படி. இரண்டு மாதப் பயிற்சிக்கு புனேவுக்குப் போனவனுக்கு இதை எழுதி அனுப்ப வேண்டுமா, போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். அது யார் என்பதும் இதிலேயே வரும்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. செங்கல்பட்டில் பாதி வீடுகளுக்குக் கொடுத்தும் முடித்துவிட்டேன். இந்த நேரத்தில், முந்தாநாள், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் திருக்கழுக்குன்றத்துக்கு பஸ் ஏறிப் போய், தர்ஷினியின் சித்தி முன்னால் உட்கார்ந்து உன் அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். நீ கோபப்படுவாய். படு. ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. எல்லாவற்றையும் என்றால், அவர் மிலிட்டரியில் டிரைவராக இருந்தார், அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனார், அவ்வளவுதானே என்று நினைப்பாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் உன் அப்பாவும் சேர்ந்து உன்னை அந்த அளவில் நிறுத்தி வைத்திருந்தோம்.

உன் அப்பா பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர். பாலாற்றங்கரையில் மழையை நம்பிய ஒன்றரை ஏக்கரில் மூன்று அண்ணன் தம்பிகள். அதில் ஒருவர் வெளியே போயே ஆக வேண்டியிருந்தது, இவர் போனார். பனியிலும் மணலிலும் பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டினார். எண்பத்தேழின் கடைசியில் ஒரு நாள், இலங்கைக்குப் போகிறோம் என்று நாலே வரியில் எனக்கு எழுதினார். அப்போது உனக்கு நாலு வயது. அதற்கு முன் அவர் எழுதும் கடிதங்களில் அங்கே கிடைக்கும் சாப்பாடு, உடன் இருப்பவர்களின் வேடிக்கை எல்லாம் வரும். இலங்கையிலிருந்து வந்தவற்றில் நலம், நலமறிய ஆவல், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. தொண்ணூறில் பதினைந்து வருட சர்வீஸ் முடித்து வந்து, கல்பாக்கத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஒப்பந்த வேன் ஒன்றில் டிரைவராகச் சேர்ந்தார். நல்ல டிரைவர் என்று பெயர். தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரத்தைக் கீழே இறக்க மாட்டார் என்று மட்டும் கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். எதிரே பஸ் வந்தால்கூட மண்ணில் இறக்காமல் நின்றுவிடுவாராம். நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மாமல்லபுரத்தில் அவர் உன்னை அடித்தது உனக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயது இருக்கும். காணும் பொங்கல். தெருவில் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று நீ இரண்டு நாளாக அழுது, வேறு வழியில்லாமல்தான் அவர் நம்மைக் கூட்டிப்போனார். ஊரே திரண்டு வந்த கூட்டம். கட்டுச் சோற்றை விரித்துச் சாப்பிட்டோம். அவர் மட்டும் உட்காரவே இல்லை, நின்றபடியே சாப்பிட்டார். நீ வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்து வாங்கிய ரப்பர் பந்து உருண்டு, பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் போய்விட்டது. நீ அதன் பின்னால் ஓடினாய். அவர் இந்தியில் என்னவோ கத்தினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு தமிழில், "டேய், நில்லு! கால எடுக்காத! அசையாத அங்கியே!" என்றார். நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னும் உள்ளே ஓடினாய்.

அதற்குப் பின் நடந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய், உன் முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. ஓடிப்போய் உன்னைப் பிடிக்கவில்லை அவர். சவுக்கு இலைச் சருகின் மேல் உன் கால் பதிந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிலேயே தன் காலை வைத்து, மெதுவாக நடந்து உன்னிடம் வந்தார். தை மாதத்துக் காற்றில் சட்டை முழுக்க வேர்வை. உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த அதே அடிகளில் திரும்பி நடந்து, ரோட்டுக்கு வந்து இறக்கிவிட்டு, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர், "இன்னா சார், சின்னப் புள்ள சார், வுடு சார்" என்று அவர் கையைப் பிடித்தார். நான் அத்தனை பேர் எதிரில், "உங்களுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிகீது?" என்று கேட்டேன். அவர் கை அப்படியே கீழே இறங்கியது. அதன் பிறகு பஸ்ஸில் வீடு வரும்வரை நீ என் மடியில் விம்மிக்கொண்டு வந்தாய், அவர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் மதியம், கோபம் கொஞ்சம் தணிந்து, வேன் நிறுத்தும் இடத்துக்கே சாப்பாடு எடுத்துப் போனேன். டிரைவர்கள் எல்லாரும் டீக்கடைப் பக்கம் போயிருந்தார்கள். அவர் காலி வேனுக்குள் கடைசி சீட்டில், கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. "இன்னாங்க இப்டி மூடிகினு?" என்று கேட்டு ஜன்னலைத் தள்ளப் போனேன். "தெறக்காத. ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றார். அந்த வேனில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டதை உனக்கு அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

வடக்கே ஒரு ஊரில், சாலை பிரியும் இடத்தில் அவர்கள் காவலுக்கு இருந்தார்களாம். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் வண்டி ஓட்டாத நாளில், போகிற வருகிற ஜனங்களிடம் பேசும் வேலையை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பெரிய ரோட்டில் பட்டாளத்து வண்டிகள் வர இருந்தன. யாரையும் விடாதே, இங்கேயே உட்காரச் சொல், என்பதுதான் இவருக்குச் சொல்லப்பட்டது. அப்போது ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூட அவர் மகள், மகளின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உன் வயதுதான் இருக்கும் என்றார் உன் அப்பா. காய்ச்சல் அந்தக் குழந்தைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. இவருக்கு உன் முகம் வந்துவிட்டது.

"பின்னாடி பனந்தோப்பு வழியா ஒரு பாத போவுதும்மே. மொத நாளு நானே அதுல நடந்து போயிட்டு வந்தேன். ஒண்ணும் இல்ல அதுல. அவங்களாண்ட போயி, பெரியவரே, இப்டியே தோப்புல பூந்து போயிடுங்கன்னேன். யாரும் என்ன அத சொல்லச் சொல்லல. நானா சொன்னேன். அந்தப் பொண்ணு யோசிச்சுது. பெரியவரு சொல்றாரு, நம்மட பாஷை கதைக்கிற பிள்ளை, பொய் சொல்லாது, வா பிள்ளைன்றாரு. என்னப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போனாரு. நூறு அடிகூடப் போயிருக்க மாட்டாங்க."

கண்ணிவெடி. யார், எப்போது புதைத்தது என்று கடைசி வரை தெரியவில்லை. இவர்தான் முதலில் ஓடினார். பெரியவரும் மகளும் அங்கேயே போய்விட்டார்கள். குழந்தை தூக்கி எறியப்பட்டு ஒரு வேலியோரம் கிடந்தது. உயிர் இருந்தது. இவர் அதைத் தூக்கிக்கொண்டு, முன்னால் அவர்கள் நடந்த அடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்திருக்கிறார். அந்தக் குழந்தையை மருந்துக் கூடாரத்தில் சேர்த்தார்கள், அங்கிருந்து வேறு எங்கோ கொண்டுபோனார்கள். மறுநாளே இவர்களை அந்த ஊரிலிருந்து மாற்றிவிட்டார்கள். குழந்தை பிழைத்ததா, இல்லையா, எங்கே போனது, பெயர் என்ன, எதுவும் அவருக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்தபடி சொன்னார். முடித்துவிட்டு என்னைக் கேட்டார். "இப்போ அங்கருந்து நெறைய பேரு வந்துகினு கீறாங்க இல்ல? கேம்ப்பு கேம்ப்பா வச்சிகீறாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் போயி ஒவ்வொரு கேம்ப்பா வெசாரிக்கட்டுமா? தாத்தாவும் அம்மாவும் ஒண்ணா செத்த கொழந்த. எங்கியாவது யாருக்காவது தெரிஞ்சிருக்கும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா, சரவணா? என் பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதை மறைக்கக் கூடாது. எனக்கு அப்போது போலீசு பயம், அவருடைய வேலை பயம், அக்கம்பக்கம் என்ன பேசுமோ என்ற பயம். அந்த வருடங்களில் இலங்கைக்காரர்களோடு நின்று பேசினாலே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். "அதெல்லாம் வேணாங்க. போயி இன்னான்னு கேப்பீங்க? நான்தான் வழி காட்னேன்னா? மறந்துடுங்க. யாராண்டையும் இத சொல்லாதீங்க. சரவணனாண்ட சொல்லவே சொல்லாதீங்க" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். தூக்குவாளியை வாங்கிச் சாப்பிட்டார். நான் சொன்னதற்காகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு பத்து வருடம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தேடியிருந்தால் அந்தக் குழந்தை கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது என்றே இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் தேடப் போயிருப்பார். யாரிடமாவது உட்கார்ந்து பேசியிருப்பார். யாராவது ஒருவர் அவரைத் திட்டியிருப்பார்கள், யாராவது ஒருவர் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். அதில் எதுவுமே நடக்காமல் நான் அவரை வீட்டுக்கும் வேனுக்கும் நடுவே அடைத்துவிட்டேன். நீயோ அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவரோடு நடக்கும்போது நாலடி தள்ளியே நடந்தாய். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல நான் விடவில்லை. நீ பிளஸ் டூ படிக்கும்போது அவர் நெஞ்சுவலியோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போது நீ பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாய். ஒரு நாள் நீ போன பிறகு என்னைக் கேட்டார். "அன்னிக்கு பீச்சுல அடிச்சேனே. அத இன்னும் நெனச்சிகினு கீறானா அவன்?" எப்பவோ மறந்திருப்பான் என்று பொய் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. அதற்கு இரண்டு நாளில் போய்விட்டார்.

இப்போது உன்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். பொத்தேரி காலேஜில் உன்னோடு படித்தவள், தொண்ணூறில் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பம், திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று நீ தர்ஷினியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. நல்ல பெண். என்னைவிட நிதானமாகப் பேசுகிறவள். ஆனால் அவர்கள் முதன்முதலில் நம் வீட்டுக்கு வரப்போன அன்று காலை நீ என்னிடம் வந்து, கூடத்தில் மாட்டியிருந்த அப்பா படத்தைக் காட்டி, "அம்மா, அந்த யூனிபார்ம் போட்டோவ எடுத்துடேன். தேவையில்லாத பேஜாரு. அப்பா வேன் டிரைவர்னு சொல்லு, அது உண்மைதானே" என்றாய். நான் உன்னைத் திட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி நானே கழற்றினேன். பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். வழி வழியாக வந்த பழக்கம் போல ஆகிவிட்டது, அவரை ஒளித்து வைப்பது. நீ அதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் யாரைக் கேட்க முடியும்?

நிச்சயதார்த்தத்தன்று சமையலறையில் தர்ஷினியின் சித்தி எனக்கு வெற்றிலை மடித்துத் தந்துகொண்டே பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அதுவரை அவரைத் தர்ஷினியின் அம்மா என்றுதான் நினைத்திருந்தேன். அவளும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். "இவளைப் பெத்தது நான் இல்லை, தெரியுமோ. என்ர அக்காவின்ர பிள்ளை. அக்காவும் எங்கட அப்பாவும் ஒரே நாளில செத்துப்போட்டினம். இவளுக்கு அப்ப நாலு வயசு." என் கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. ஈரக் கை என்று சொல்லிச் சமாளித்தேன். அக்காவும் அப்பாவும். ஒரே நாளில். நாலு வயது. அதற்கு மேல் எதையும் கேட்காமல், விழுந்த தட்டை எடுத்துக் கழுவினேன். வெளியே நீயும் அவளும் மாலையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் கை, கால், கழுத்து என்று தழும்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இடது முழங்கைக்கு மேல் ஒன்று இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டால் பதில் வந்துவிடும், அதனால் கேட்கவில்லை. கேட்காமலே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். ஒருவேளை அந்தக் குழந்தைதான் இவள் என்றால், தெரியாமலே நம் வீட்டில் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம், அவர் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று சொன்னார்கள். முந்தாநாள் ஆறாவது வீட்டில் அதைக் கேட்டபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மலையடிவாரத்தில் அவர்கள் இருக்கும் ஒற்றை அறை வீடு உனக்குத் தெரியும். சித்தி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். "வாங்கோ, வாங்கோ. தனியாவோ வந்தனீங்கள்? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று எழுந்தார். "வேணாங்க. நீங்க ஒக்காருங்க. நான் நின்னுகினே சொல்லிடறேன், இல்லன்னா சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் முகம் மாறியது. வரதட்சணை பேச வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம், பின்னால் சொன்னார். நான் ஆரம்பித்தேன். உன் அப்பா பட்டாளத்தில் இருந்ததை, அங்கே வந்ததை, சாலை பிரியும் இடத்தை, பெரியவரை, மகளை, குழந்தையை, பனந்தோப்பை எல்லாம் சொன்னேன். அவர் மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட்டின் கையைப் பிடித்தபடியே இருந்தார். நான் முடித்ததும் கேட்டார்.

"எந்த ஊர்?"

உன் அப்பா எனக்குச் சொல்லியிருந்த ஊரின் பெயரைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்லை. அது நாங்கள் இல்லை. நாங்கள் கிழக்குப் பக்கம். அக்காவும் அப்பாவும், நாங்கள் இஞ்ச வாறதுக்கு ரெண்டு வருசம் முந்தியே, கடல்ல போனவை. படகு கவிழ்ந்தது. இவளை நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தனான். கையில அந்தக் காயம் படகு ஆணி கிழிச்சது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சரவணா, அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே கூசுகிறது. அந்த அம்மா தன் அக்காவும் அப்பாவும் கடலில் போனதைச் சொல்கிறார், நானோ உள்ளுக்குள் நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "உங்களுக்கு ஆறுதலாப் போச்சு என்ன?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. "எங்கட பிள்ளை இல்லை. ஆனா அது ஒருத்தியின்ர பிள்ளைதானே. எங்கயோ இருக்கும். இல்லையெண்டால் இல்லை."

பிறகு அவரே எழுந்து தேநீர் போட்டார். ஸ்டவ் பக்கம் திரும்பியபடியே பேசினார். "அண்டைக்கு உங்கட வீட்டுக்கு வந்தபோதே பார்த்தனான். சுவரில வெள்ளையா ஒரு கட்டம், மேல ஆணி. ஏதோ கழற்றி இருக்கினம், எங்களுக்குக் காட்டக் கூடாத ஏதோ ஒண்டு எண்டு விளங்கினது. சாமி படமோ, ஆரும் தலைவரின்ர படமோ எண்டு நினைச்சன்." டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "அந்தப் படை உடுப்பைக் கண்டால் எனக்கு இப்பவும் நெஞ்சு இடிக்கும். அதை நான் மறைக்க மாட்டன். உங்கட மனுசன் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்லை. நல்லது செய்யப் போய்த்தான் சொன்னவர். ஆனா செத்தவைக்கு அது என்ன? நான் மன்னிக்கிறன் எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது அந்தப் பிள்ளையின்ர. கலியாணத்தை நான் நிப்பாட்ட மாட்டன். நிப்பாட்டுறதோ இல்லையோ, அவள் சொல்லட்டும்."

அவர் பார்த்த பக்கம் திரும்பினேன். வாசலில் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோளில் பை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டாள். தேரடி தாண்டும்போது, ஒரு லாரி வந்தது என்று என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள், பிறகு கையை விட்டுவிட்டாள். செங்கல்பட்டு பஸ் வந்து நின்ற பிறகுதான் கேட்டாள். "அவருக்கு இது தெரியுமோ, மாமி?" நான் பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே தெரியாது என்று சொல்லி உன்னைக் காப்பாற்றியிருக்கலாம். அம்மாக்கள் அதைத்தான் செய்வார்கள், நான் அதை நிறையவே செய்திருக்கிறேன். "குண்டு விசயம் தெரியாது. அப்பா பட்டாளத்துல அங்க இருந்தாருன்றது தெரியும். படத்தக் கழட்டச் சொன்னது அவன்தான். கழட்டுனது நான்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. "மூண்டு வருசமா அவரோட பழகுறன். நான் அவருக்குச் சொல்லாத விசயம் ஒண்டும் இல்லை. படகில நடந்தது, முகாமில நடந்தது, எல்லாம் சொல்லி அழுதிருக்கிறன். அவர் கேட்டுக்கொண்டு இருப்பார். தன்ர அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் வேற கதைக்குப் போயிடுவார்." கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் படியில் ஏறிவிட்டேன். அவள் கீழே நின்று சொன்னாள். "போனில சொல்லாதேங்கோ மாமி. போனில சொன்னால் உடனே ஏதும் சமாதானம் சொல்லுவார். எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ. வாசிச்சுப்போட்டு அவர் என்னோட கதைக்கட்டும். அவர் கதைக்கிற விதத்தைப் பார்த்துத்தான் நான் முடிவு சொல்லுவன்."

அதனால்தான் இந்தக் கடிதம். இரண்டு நாளாக எழுதுகிறேன். உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல மனசோடு சொன்ன ஒரு வார்த்தை இரண்டு உயிரை வாங்கிவிட்டது, அதற்கு உன் அப்பா காலம் முழுக்கத் தண்டனை அனுபவித்தார். அதைவிட, யாரிடமும் சொல்ல முடியாமல் அனுபவித்தார், அந்தப் பங்கு என்னுடையது. நீ அவரைப் பார்த்து வெட்கப்பட்டு நாலடி தள்ளி நடந்தது உன் தப்பு இல்லை, உனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இனிமேல் தள்ளி நடந்தால் அது உன் தப்பு. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் பாதியைச் சொல்லி மீதியைப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு வீட்டில் வாழ முடியும். நான் வாழ்ந்திருக்கிறேன். வாயில் வரும் ஒவ்வொரு பேச்சையும் ஒரு தடவை உள்ளுக்குள் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டியிருக்கும். என் மருமகளுக்கு அது வேண்டாம்.

அவள் வேண்டாம் என்று சொன்னால், பந்தல்காரரிடமும் பத்திரிகை வாங்கியவர்களிடமும் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. அவளுக்குப் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடுகிறது, நாலரைக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். நீ கூப்பிட்டால் போனை எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். கோபமா என்று கேட்டு ஆரம்பிக்காதே. மன்னித்துவிடு என்றும் ஆரம்பிக்காதே. அம்மா இப்படிச் செய்துவிட்டாள் என்று என் மேல் போடாதே. அவள் போனை எடுத்ததும், "என் அப்பா" என்று ஆரம்பி. அதற்குப் பிறகு உனக்கு வார்த்தை வரும்.

உன் அம்மா